சின்னதுதானே என்று கேட்டவருக்கு

போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து இலையில் இருந்த உறவுக்காரப் பெண் தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். என் மகள் போட்டிருந்த படம். கடற்கரை மணலில் எங்கள் நாய் கோகோ நிற்கிறது. கழுத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளை ரோமம் காற்றில் பறக்கிறது. “இதே மாதிரி ஒண்ணு எங்களுக்கும் வேணும்க்கா. எங்க சொன்னா கிடைக்கும்? சின்னதுதானே, வீட்டோட கெடந்துட்டுப் போகுது. புள்ளைக ரெண்டும் அழுதுக்கிட்டே இருக்குதுக” என்றார். பாயசம் வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் ‘சின்னதுதானே’ மட்டும் வீட்டுக்குக் கூடவே வந்துவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நான் என் கணவரிடம் சொன்னதும் அதே சொல்தான்.

என் மகளுக்கு அப்போது 13 வயது. மேய்ச்சல் நாய்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தாள். முதலில் கார்கி. வேல்ஸ் மொழியில் அந்தப் பேருக்கே குள்ள நாய் என்றுதான் பொருள். தரையோடு தரையாகப் போய் மாட்டின் குதிங்காலைக் கடித்து ஓட்டுவதற்காக வளர்த்த நாய். அடுத்தது மினியேச்சர் அமெரிக்கன் ஷெப்பர்ட். 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவில், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வகையில் உயரம் குறைந்த நாய்களாகப் பார்த்துச் சேர்த்து உண்டாக்கினார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப் 2015-இல் அதைத் தனி இனமாக மேய்ச்சல் பிரிவில் சேர்த்தது. அந்தப் பக்கத்தில் அவள் நீல நிறக் கண் ஒன்றை வரைந்திருந்தாள். மூன்றாவது ஷெட்லாந்து ஷீப்டாக், சுருக்கமாக ஷெல்டி. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே கடலுக்குள் கிடக்கும் தீவுகளில் பிறந்தது. 13 முதல் 16 அங்குல உயரம். இங்கிலாந்துக் கென்னல் கிளப் 1909-இல் இதை ஏற்றபோது ஷெட்லாந்து கோலி என்றுதான் பேர். கோலி என்ற பெரிய மேய்ச்சல் நாயை வளர்ப்பவர்கள் எதிர்த்ததால் பிறகு பேரை மாற்றினார்கள்.

இந்த மூன்றில் எதுவும் எங்கள் வீட்டுக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. சித்தி மகன் பெங்களூரில் ஒரு ஷெல்டி வளர்த்துவந்தான். அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. “அக்கா, உங்க வீட்ல முற்றம் இருக்கு, பக்கத்துல கடற்கரை இருக்கு. நீங்க வெச்சுக்கறீங்களா?” என்று கேட்டான். இரண்டு வயதுப் பெண் நாய், ஒன்பது கிலோ எடை. கணவர் தயங்கினார். “ஒம்பது கிலோ என்னங்க, ஒரு அரிசிப்பை கனம்கூட இல்ல. சின்னதுதானே” என்றேன். சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை காரில் வந்து இறங்கியது கோகோ.

மேய்ப்பதற்கு எதுவும் இல்லாத வீடு

எங்கள் வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம். ஷெட்லாந்துத் தீவுகளைப் பற்றிப் படித்தபோது எங்கள் கரையையே படிப்பது போல இருந்தது. உப்புக்காற்று, மரம் வளரத் தயங்கும் மண், கடலுக்கும் போய் ஆடும் வளர்க்கும் சனம். ஆனால் அங்கே கோடையிலும் வெயில் 15 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். இங்கே சித்திரையில் காலை எட்டு மணிக்கே மணல் சுடும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் பாதி அடைபடும். எங்கள் கரையில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. மொட்டையடித்துவிடச் சொல்லி ஊரில் பாதிப் பேர் யோசனை சொன்னார்கள். அடிக்கவில்லை. அதற்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே நீளமாக இருப்பது வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கும். மழித்தால் சரியாகத் திரும்ப வளராமலும் போகலாம். உள்ளே பஞ்சு போலிருக்கும் அடுக்கைத்தான் சீவி எடுக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம். கடலில் நனைந்த நாளெல்லாம் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை அலச வேண்டும். நிலத்தடி நீர் கரிக்கும் ஊரில், காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், நாய்க்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் என்றால் அது பெரிய கணக்கு. ரோமத்தில் நெருஞ்சி ஏறும், பாதத்தில் வேலிக்கருவை முள் ஏறும். கரையில் மீனவர்கள் கழித்துப்போடும் பேத்தை மீனை வாயில் வைத்தால் உயிரே போய்விடும் என்பதால், மணலில் அது முகர்ந்து நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் என் கண் ஓடும்.

இதெல்லாம் உடம்புப் பாடு. பழகிவிடலாம், பழகிவிட்டோம். என்னைத் திணறடித்தது வேறு. அது தூங்கவில்லை. சோறு தின்றது, தண்ணீர் குடித்தது, மகள் மடியில் வந்து படுத்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, எழுந்துவிடும். வாசலில் யார் எழுந்தாலும் எழும். மகன் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போனால் பின்னாலேயே போய், சுற்றி வளைத்துக் கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும். அவனுக்கு ஆறு வயது. அவனுக்கு அது விளையாட்டு. தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் சுவரோரமாக அந்தக் கோடிவரை ஓடும். கடற்படையின் பருந்து தளத்திலிருந்து ஹெலிகாப்டர் எழும்பினால் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே வட்டமடிக்கும், அதையும் கூட்டத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது போல. காகம், சேவல், மாலை ரயில் என்று ஒன்று விடாது. பக்கத்து வீட்டுக்காரர் முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது வாரம் சன்னலைச் சாத்தினார். மூன்றாவது வாரம் வாசலில் வந்து நின்றார். இரவுக் கடலுக்குப் போய்வந்து பகலில் தூங்குகிற மனிதர். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

கரைவலை இழுத்த சாயங்காலம்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த நாட்களில் கரைவலைக்கும் நாட்டுப்படகுக்கும்தான் ஊரே கூடும். அன்றைக்குச் சாயங்காலம் வலை இழுக்கிறார்கள் என்று பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள். கோகோவையும் கூட்டிப் போனோம். கயிறு மகள் கையில் இருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் வடம் பிடித்து இழுக்க, வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பிள்ளைகளின் கூச்சல் ஏறியது. பத்துப் பன்னிரண்டு பேர் திசைக்கு ஒருவராக ஓடுகிறார்கள். கோகோவின் காது நிமிர்ந்தது, தலை தாழ்ந்தது, கண் ஒரே இடத்தில் நின்றது. கயிறு மகள் கையிலிருந்து எப்படி நழுவியது என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் இரண்டு சுற்றை எல்லோரும் ரசித்தார்கள். அகலமான வட்டம். ஓரத்தில் ஓடுகிற பிள்ளையை நோக்கிப் போகும், குரைக்கும், அந்தப் பிள்ளை திரும்பி மற்றவர்களோடு சேரும். வட்டம் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருங்கியது. அலைப் பக்கம் போன என் மகனைக் குறுக்கே மறித்துத் திருப்பியபோது வடம் பிடித்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். அப்புறம் ஒரு சிறுமி, எங்கள் தெருவில் நான்காவது வீட்டுப் பிள்ளை, பயந்துபோய்க் கூட்டத்தை விட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். கோகோ அவள் பின்னால் போய்க் குதிங்காலில் பல்லை வைத்தது. அவள் குப்புற விழுந்தாள். “கடிச்சிருச்சு, கடிச்சிருச்சு” என்று கரை முழுக்கச் சத்தம்.

ரத்தம் வரவில்லை. தோல் உரசிச் சிவந்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குழாய்க்கு ஓடி, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தண்ணீரில் கழுவினேன். கோகோவுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை வீட்டில் இருந்தது. இருந்தாலும் ‘போட்டிருக்கிறோம், பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார என்னால் முடியவில்லை. அந்தத் தாயையும் பிள்ளையையும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்கு முதல் தவணை ஊசி. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள். நாலு தடவையும் நானே கூடப் போனேன். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. “ஒங்க நாய்க்கு ஏன்க்கா எம்புள்ள மேல கோவம்?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன என்று சொல்லத்தான் தெரியவில்லை.

சொன்னவர் பெரியப்பா. மூன்று தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். நாற்பது வருடம் கீதாரியாக இருந்தவர். தை, மாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களுக்குச் செம்மறிகளை ஓட்டிப்போய்க் கிடை போட்டு, மழைக்கு முன்னால் ஊர் திரும்பியவர். இப்போது அவரிடம் இருப்பது 14 உருப்படி. மறுநாள் காலை வந்து, திண்ணையில் உட்கார்ந்து, கட்டிப்போட்டிருந்த கோகோவை வெகுநேரம் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு கேள்விதான் கேட்டார். “கடிச்சுட்டு நின்னுச்சா, ஓடிருச்சா?” நான் யோசித்தேன். நின்றது. விழுந்த பிள்ளைக்கு முன்னால் போய், கடலைப் பார்த்து நின்று, மற்றப் பிள்ளைகள் இருக்கும் பக்கமாகத் திருப்பப் பார்த்தது.

“இது கடி இல்ல தாயி. ஆட்டை மடக்குறது” என்றார். “நம்ம கிடை நாய்க்கு இந்தச் சோலி கெடையாது. அதுக்குக் காவல்தான். ராத்திரி நரிக்கும் களவாணிக்கும் முழிச்சுக் கெடக்கும், பகல்ல நெழலப் பாத்துப் படுத்துரும். ஆட்டை ஓட்டுறது மனுசன் வேல. என் தொரட்டியும் தொண்டையும் செஞ்சது. அந்த வேலையப் பூராம் இதுக்குள்ள வெச்சுப் பெறக்க வெச்சிருக்கான். இது வேல கேக்குது, நீங்க சோறு போட்டுக்கிட்டு இருக்கீங்க.”

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அவர் சொன்னதற்குள் அடங்கியது. இரையை உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, வளைப்பது, விரட்டுவது, கடித்துக் கொல்வது என்று வேட்டைக்கு வரிசையாகப் படிகள் உண்டு. மேய்ச்சல் நாயில் கடைசிப் படியை மட்டும் தலைமுறை தலைமுறையாக மழுக்கி, மற்றதையெல்லாம் தீட்டியிருக்கிறார்கள். ஷெட்லாந்தில் விளைந்த நிலத்துக்குள் ஆடு இறங்காமல் நாள் முழுக்கக் குரைத்து விரட்ட வேண்டியிருந்தது. அதற்குத்தான் அந்தக் குரல். உடம்பை அந்த மனிதர்கள் சின்னதாக வைத்திருந்தார்கள். வேலையைச் சின்னதாக்கவே இல்லை. 15 அங்குலத்துக்குள் ஒரு முழுநாள் உழைப்பு இருக்கிறது. அது எங்கள் கூடத்தில் கொட்டுவதற்கு இடமில்லாமல் நின்றது.

பெரியப்பா அடுத்த நாளே தன் ஆடுகளிடம் கூட்டிப் போனார். முதல் நாள் மோசமாகப் போனது. ஆடுகள் மிரண்டு வேலிக்கருவைக்குள் பாய்ந்தன, ஒரு குட்டிக்குக் கால் பிசகியது, பெரியப்பா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரே நீளக் கயிறு ஒன்றோடு வந்தார். ஓட்டச் சொல்லித்தருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நிற்கச் சொல்லித்தர வேண்டும் என்றார். ஆடே இல்லாத வெறும் ஊரணிக் கரையில் பத்து நாள். நாக்கை மடித்து அவர் எழுப்பும் ஒரு சத்தத்துக்குக் கோகோ படுக்க வேண்டும். கூப்பிட்டால் எதை விட்டும் வர வேண்டும். அவ்வளவுதான் பாடம். பதினோராவது நாள் ஆடுகளை முப்பது அடி தள்ளி நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் கொடுத்தார். உடம்பெல்லாம் நடுங்க, கண்ணை ஆட்டிலிருந்து எடுக்காமல், கோகோ படுத்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு அம்மிக்குப் பக்கத்துக் குளிர்ந்த தரையில் சாய்ந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஹெலிகாப்டர் போனது. ஒரு காது மட்டும் அசைந்தது. அது எங்கள் வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் அசந்து தூங்கி நான் பார்த்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, யாரையும் நடக்கவிடாமல் வாயில் விரல் வைத்துக் காவல் காத்தாள்.

ஒரு ஊசி

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால், பந்தியில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் செய்வது துரோகம். ஆட்டோடு பழகினால் உண்ணி வரும், வந்தது. உண்ணிக் காய்ச்சலுக்குப் பயந்து ஓர் இடத்துக்குத் தூக்கிப் போனோம். ‘ஒரே ஊசி, எல்லாம் உதிர்ந்துவிடும்’ என்று அங்கிருந்தவர் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார். என் மகள் குப்பியின் பேரைப் படித்தாள். ஐவர்மெக்டின். “இதுக்குப் போடக்கூடாதுங்க” என்று அவர் கையைப் பிடித்துவிட்டாள். அவருக்குக் கோபம். “எத்தனை நாய்க்குப் போட்டிருக்கேன் தெரியுமா?” அவர் சொன்னது பொய்யில்லை, நம்மூர் நாய்கள் பெரும்பாலானவற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், அதன் சிறிய வகை எல்லாவற்றிலும் சில நாய்களுக்கு எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு பிழை உண்டு. மூளைக்குள் புகும் மருந்தை வெளியே தள்ளுகிற காவல் அவற்றுக்கு வேலை செய்யாது. மற்ற நாய்க்கு மருந்தாக இருக்கும் அளவு இதற்கு நடை தள்ளாட, கண் தெரியாமல் போக, நினைவு தப்ப, சாகக்கூடப் போதும். அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2001-இல் கண்டுபிடித்த விஷயம் இது. வயிற்றுப்போக்குக்கு நாம் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் லோபரமைடு மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பிழை இருந்தது. தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். அதோடு முடியவில்லை. ஆட்டுக்குக் குடற்புழு நீக்கவும் இதே மருந்தைத்தான் பல இடத்தில் கொடுக்கிறார்கள். மருந்து கொடுத்த ஆட்டின் புழுக்கையிலும் அது இறங்கும். புழுக்கையை நாய் தின்னும். இப்போது பெரியப்பா ஆட்டுக்கு மருந்து கொடுக்கிற அன்றே எனக்குச் சொல்லிவிடுவார். அதன்பின் சில வாரம் கோகோவுக்குப் பட்டிப் பக்கம் போக்கு இல்லை, கடற்கரை மட்டும்தான். அந்த வாரங்களில் காலையில் ஒரு மணி நேரம் அதற்கு நான் வேறு வேலை கண்டுபிடிக்க வேண்டும். மகள் பழைய வலைத்துண்டில் தேங்காய் மட்டையைக் கட்டி மணலில் ஒளித்து வைப்பாள், கோகோ தேடும். ஒருவிதமாகத் தாக்குப்பிடிக்கிறோம்.

எங்கே கிடைக்கும் என்பதல்லவா அவர் கேட்டது. அதையும் சொல்கிறேன். விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்ய நாய்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை அரசு 2016-இல் தடை செய்துவிட்டது. அதனால் ‘நேராக அமெரிக்காவிலிருந்து இறக்கியது’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும். 2017-இல் வந்த மத்திய விதிகளின்படி இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. தாய் நாயை நேரில் காட்டாத இடத்தில் வாங்கவே வேண்டாம். என் மகள் வரைந்தது போல நீலக் கண், சாம்பலில் கறுப்புத் திட்டு என்று படம் காட்டினால், தாயும் தகப்பனும் இரண்டுமே அந்தத் திட்டு நிறமா என்று கேட்க வேண்டும். இரண்டும் அப்படியென்றால் குட்டிகளில் நாலில் ஒன்று காது கேட்காமலோ கண் தெரியாமலோ பிறக்க வாய்ப்புண்டு. அந்தக் குட்டிகளைப் பற்றி விற்பவர்கள் படம் போடுவதில்லை. எம்.டி.ஆர்.1 சோதனைத் தாள் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு நாயே பாவம், கன்னியோ சிப்பிப்பாறையோ வாங்கலாமே என்று எனக்கு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அந்த நாய்களுக்கு நம் வெயில் கோகோவைவிட எவ்வளவோ தோதானது. ஆனால் அவையும் முயல் விரட்டப் பிறந்தவை. வெட்டவெளியில் ஓடவிட ஆளில்லாத வீட்டில் அவையும் இதேபோலத்தான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து தீர்க்கும். எந்த ஊர் நாய் என்பதைவிட, அதற்குள் இருக்கிற வேலையைத் தினமும் வாங்கிக்கொள்ள நம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. எங்களுக்குப் பெரியப்பா இருந்தார். அவர் இல்லாமல் இருந்திருந்தால், நான்காவது வீட்டுப் பிள்ளை விழுந்த மறுநாளே கோகோவை வேறு யாரிடமாவது கொடுத்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. ஷெல்டிகள் 12, 13 வருடம் வாழும். பெரியப்பாவுக்கு 74 வயது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். பாதிதான் சொல்ல முடிந்தது. “அப்படின்னா வேண்டாங்குறீங்களாக்கா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, மனசும் இல்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து இரண்டு நாள் தங்குங்கள் என்றேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து கடற்கரைக்கு நீங்கள் கூட்டிப் போங்கள், ரோமம் சீவுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஊரணிக் கரையில் அது படுக்கும்வரை நில்லுங்கள். பிறகு நீங்களே சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை வருகிறார்கள். அன்றைக்குப் பட்டியைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கச் சொல்லிப் பெரியப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.